கொங்கு நாட்டில் கப்பல் விழா

(பஞ்சாயத்து ஒன்றியக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஏப்ரல் 5ஆம் நாள் தேசியக் கடல்சார் தினமாக 1964 முதல் கொண்டாடப்பட்டு வருகிறது. கடலையே காணாத நொய்யற் கரையில் இவ்விழா எதற்கு என்று நம்மில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

1919ஆம் ஆண்டு அந்நாளில் சிந்தியா கப்பல் கம்பெனியின் ‘லாயல்டி’ பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. வால்சந்த் ஹீராசந்தும் அவர்தம் கூட்டாளிகளும் தொடங்கிய கம்பெனி அது. கப்பலோ இங்குக் கட்டப்பட்டதன்று. இங்கிலாந்தில் கட்டி, பிறர் பல்லாண்டு ஓட்டிய பின் குவாலியர் மகாராஜாவிடமிருந்து வாங்கியது. பழைய கப்பலில் தொழில் தொடங்கிய அக்கம்பெனியே பின்னர் விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் தளம் அமைக்க முன்வந்தது. 1941இல் ராஜேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார். அங்குக் கட்டிய ‘ஜல உஷா’வை 1948 மார்ச் 14 அன்று பிரதமர் நேரு நீரில் இறக்கினார். அத்தளம் பிற்பாடு அரசின் உடைமையாயிற்று. கப்பல் கட்டிய அந்த ஸ்தாபனத்தின் முதற் பயணத்தையே இவ்விழா நினைவுகூர்கிறது.

நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ. உ. சிதம்பரம் பிள்ளை, 1908இல் தண்டனை பெற்று நம் கோயமுத்தூர்ச் சிறைக்கே கொண்டுவரப்பட்டார். மாடு இழுக்கும் செக்கை இங்கே அவர் இழுத்தார். கடலையும் எள்ளும் ஆட்டிய நமக்கு அந்தப் பாரத்தை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவர் கம்பெனியை வீழ்த்த எதிரிகள் கட்டணத்தை வெட்டிக் குறைத்தனர். சிந்தியாவும் அத்தகைய கட்டணப் போரில் சிக்கி, 1923 உடன்படிக்கையால் கடலோர வாணிபத்தோடு நிற்க நேர்ந்தது.

இது பழங்கதையன்று. நம் நாட்டின் ஏற்றுமதி இறக்குமதிச் சரக்கில் பெரும்பகுதி இன்றும் அயல்நாட்டுக் கப்பல்களிலேயே செல்கிறது. கப்பற் கூலியை நிர்ணயிப்பவர் நாமல்லர். 2021இல் அக்கூலி பன்மடங்கு ஏறியபோது, சரக்குப் பெட்டகம் கிடைக்காமல் திருப்பூர் ஏற்றுமதியாளர் தவித்தனர். ஈரோட்டு மஞ்சளும் கப்பலேறுவதே. வாழைக்கு நாம் இடும் பொட்டாஷ் உரமோ ஏறக்குறைய முழுவதும் கப்பலில் வருவது. கூலி உயர்ந்தால் விற்கும்போதும் வாங்கும்போதும் நம் மடியில்தான் கை விழும்.

ஆகவே, வரும் ஏப்ரல் 5ஐ ஒட்டி நம் ஒன்றியப் பள்ளிகளில் இதனைக் கொண்டாடுவோம். பந்தலும் மாலையும் வேண்டா. தேர்வுக் காலம் வேறு. கனடாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் பொட்டாஷ் தூத்துக்குடிக்கு வரும் வழியைப் பிள்ளைகள் உலகப் படத்தில் விரல் வைத்துக் காட்டட்டும். படம் இல்லாத பள்ளிகள் எவையென்று தலைவர்கள் இம்மாத இறுதிக்குள் எழுதித் தெரிவித்தால், வாங்கித்தர ஏற்பாடு செய்வோம்.