மீன்வாடை வீசும் கலைக்கூடம்

இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் செயின்ட் ஐவ்ஸ் என்றொரு மீன்பிடி ஊர். போர்த்மியர் கடற்கரையை ஒட்டி ஒரு பழைய கட்டடம். கீழே மீனவர்களின் வலைக்கூடம். மாடியில் ஓவியர்களின் பட்டறை. மீன்வாடையும் பெயின்ட் வாடையும் கலந்தடிக்கும்!

அந்த ஊர்க்காரர் ஆல்ஃபிரட் வாலிஸ். கடலோடியாக இருந்து, பிறகு பழைய சாமான் வாங்கி விற்றவர். மனைவி இறந்தபின், எழுபது வயது வாக்கில், தனிமைக்குத் துணையாகத் தூரிகை எடுத்தார். கேன்வாஸா? அதெல்லாம் இல்லை. மளிகைக்கடை அட்டையில், படகுக்கு அடிக்கும் பெயின்டால் கப்பல் வரைந்தார். அட்டை கோணலென்றால் படமும் கோணல்தான்.

1942-இல் ஏழைகள் விடுதியில் இறந்தார். 1993-இல் அதே போர்த்மியர் கடற்கரையில், பழைய எரிவாயு ஆலை இருந்த இடத்தில், டேட் கலைக்கூடம் திறந்தது. அந்த அட்டைகளில் சில இன்று டேட் சேகரிப்பில் பத்திரமாக இருக்கின்றன.