லினக்ஸ்ல கேம் ஓடுது, பூட்டுதான் வேற இடத்துல இருக்கு

கொஞ்ச நாளா நம்ம இன்பாக்ஸ்ல ஒரே கேள்விதான். "விண்டோஸ் 10-க்கு வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. என் லேப்டாப்ல 11 ஏறாது. லினக்ஸுக்கு மாறினா கேம் ஆட முடியுமா?" பெரும்பாலும் முடியும். முடியாத இடத்துல யார் தடுக்கறாங்கன்னு தெரிஞ்சுக்கறதுதான் முக்கியம்.

நம்ம பக்கத்துல லினக்ஸ் ஒண்ணும் புதுசு இல்ல. 2011 செப்டம்பர் 15 அன்னைக்கு தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினி திட்டத்தைத் தொடங்கிச்சு. எல்காட் மூலமா வந்த அந்த லேப்டாப்கள்ல விண்டோஸோட சேர்த்து பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் உருவாக்கினது, டெபியனை அடிப்படையா வச்சது. எங்க ஊர் மூங்கில்துறைப்பட்டு. சர்க்கரை ஆலை, தென்பெண்ணை ஆறு, அவ்வளவுதான். அங்க எங்க செட்டுல லேப்டாப் வாங்கின பசங்க பாஸ் லினக்ஸை ஒரு தடவை திறந்து பார்த்தாங்க. அப்புறம் அந்தப் பார்ட்டிஷனை அழிச்சு, கிடைச்ச இடத்துல வைஸ் சிட்டி போட்டாங்க. யாருக்கும் லினக்ஸ் மேல கோபம் கிடையாது. கேம் ஓடல, அவ்வளவுதான்.

ஏன் ஓடல? பெரும்பாலான கேம்கள் திரையில படம் வரைய டைரக்ட்எக்ஸைக் கூப்பிடும். அது விண்டோஸோட சொத்து. 1998-ல தொடங்கின லோகி சாஃப்ட்வேர், கேம்களை ஒவ்வொண்ணா லினக்ஸுக்கு மாத்தி வித்துப் பார்த்தது, 2002-ல மூடிட்டாங்க. வால்வ் கம்பெனி 2013 பிப்ரவரியில ஸ்டீமை லினக்ஸுக்குக் கொண்டு வந்தது. கடை வந்துச்சு, ஆனா சரக்கு கம்மி.

திருப்பம் 2018 ஆகஸ்ட்ல வந்தது. அதுதான் புரோட்டான். 1993-லேயே தொடங்கின வைன் திட்டத்தை எடுத்து, அதோட டிஎக்ஸ்விகே மாதிரி விஷயங்களைச் சேர்த்தாங்க. கேம் டைரக்ட்எக்ஸ்ல பேசும். டிஎக்ஸ்விகே அதை உடனுக்குடன் வல்கனுக்கு மொழிபெயர்த்து கிராபிக்ஸ் கார்டுகிட்ட சொல்லும். ஒவ்வொரு கேமையும் தனியா மாத்தி எழுத வேண்டியதில்ல. 2022 பிப்ரவரியில வந்த ஸ்டீம் டெக் முழுக்க இதை நம்பித்தான் ஓடுது.

சரி, அப்போ வாலரன்ட் ஏன் ஓடல? அதோட வேன்கார்டுங்கிற ஏமாற்றுத் தடுப்பு, விண்டோஸ் கெர்னலுக்குள்ள உட்கார்ந்து வேலை செய்யுது. லினக்ஸ்ல அதுக்கு இடம் இல்ல. ஆனா ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ ரெண்டும் 2021-லேயே புரோட்டானுக்கு சப்போர்ட் கொடுத்தாச்சு. கேம் கம்பெனி 'சரி'ன்னு சொன்னா போதும். சிலர் சொல்ல மாட்டேங்கறாங்க. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் லினக்ஸ்ல நல்லா ஓடிட்டு இருந்துச்சு. 2024 அக்டோபர் கடைசியில கதவைச் சாத்திட்டாங்க. ஏமாத்துறவங்க லினக்ஸ் வழியா வர்றாங்கன்னு காரணம் சொன்னாங்க.

அந்தக் காரணத்துல நியாயம் இருக்கு. லினக்ஸ் கெர்னலை யார் வேணும்னாலும் மாத்தலாம். அதனால ஒரு கேம் அதை நம்பறது கஷ்டம். ஆனா அதே ஆன்லைன் போட்டி நடக்கற கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 ரெண்டும் லினக்ஸ்ல நேரடியாவே ஓடுது. அதனால இதை நான் தொழில்நுட்பச் சிக்கலா மட்டும் பார்க்கல. காசு கொடுத்து நாம வாங்கின கேம், நாம வாங்கின மெஷின்ல ஓடணுமா வேணாமான்னு இன்னொருத்தர் ஒரு அப்டேட்ல முடிவு பண்றார். எனக்கு உறுத்தறது அதுதான்.

அதனால மாறறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, நீங்க ஆடற கேமோட பேரை புரோட்டான்டிபி தளத்துல தேடுங்க, ஆடினவங்களே எழுதியிருப்பாங்க. ரெண்டு, உங்க கிராபிக்ஸ் சிப் வல்கனை ஆதரிக்குதான்னு பாருங்க. ரொம்பப் பழைய அரசு லேப்டாப்னா புரோட்டானை எதிர்பார்க்காதீங்க. மூணு, ஸ்டீம்ல வாங்கின 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்குக் கீழ ஆடியிருந்தா பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஓடலைன்னா கூச்சப்படாம கேளுங்க. காரணத்துல 'லினக்ஸ்ல ஓடல'ன்னு எழுதுங்க. நாம இருக்கோம்னு அவங்களுக்குத் தெரியணும்ல?

எந்த கேம் ஓடுச்சு, எது ஓடலைன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.