பின்காற்றுக்கு ஏற்ற பாய்



எதிர்காற்றில் கலம் செலுத்துவதே அரிய செயல், பின்காற்று வாய்த்துவிட்டால் மாலுமிக்கு வேலையே இல்லை என்று கரையில் நிற்கும் நாம் எண்ணுகிறோம். உண்மை அவ்வாறன்று. பந்தயத்திற்கோ இன்பப் பயணத்திற்கோ பாய்க்கலம் ஓட்டுவோர் ஓயாது வாதிடும் பொருள்களுள் ஒன்று, பின்காற்றுக்கு எவ்வகைப் பாயைக் கட்டுவது என்பதாகும். அதனைப் பற்றியே இன்று சில சொல்ல விழைகிறேன்.

மும்பையில் வாழும் நேயர்கள், மழைக்காலம் கழிந்தபின் துறைமுகப் பக்கம் சென்றால், வண்ணப் பாயொன்று முன்புறத்தில் பலூன்போல் உப்பி நிற்க, சிறு கலங்கள் விரைவதைக் கண்டிருக்கலாம். அப்பாய்க்கு ஸ்பின்னேக்கர் என்று பெயர். 1860-களில் இங்கிலாந்தின் தென்கரைப் பந்தயங்களில் அது வழக்கத்திற்கு வந்தது. சொற்களின் பிறப்பைத் துருவிப் பார்ப்பது மொழிபெயர்ப்பாளனின் பழக்கம். ஸ்ஃபிங்ஸ் என்ற கலத்தின் பெயரை மாலுமிகள் திரித்து வழங்கியதால் இப்பெயர் தோன்றிற்று என ஒரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, பெயர் நிலைத்துவிட்டது.

இப்பாயில் இரு வகைகள் உள்ளன. முதலாவது சமச்சீர்ப் பாய். நடுவில் மடித்தால் இடப்பாதியும் வலப்பாதியும் ஒன்றோடொன்று பொருந்தும். அதன் கீழ் மூலைகளுள் ஒன்றை, பாய்மரத்திலிருந்து காற்றுவரும் பக்கமாக நீட்டிய ஒரு கழி தாங்கி நிற்கும். மற்ற மூலையைக் கயிறு இழுத்துப் பிடிக்கும். இரண்டாவது சமச்சீரற்ற பாய். அதன் முன்விளிம்பு நீண்டும் பின்விளிம்பு குறுகியும் இருக்கும். முன்மூலை கலத்தின் மூக்கிலோ, அங்கிருந்து நீளும் கொம்பிலோ கட்டப்பட்டிருக்கும். பக்கவாட்டுக் கழி அதற்கு வேண்டுவதில்லை.

இவற்றுள் எது சிறந்தது? இவ்வினாவுக்கு ஒரு சிறு கணக்கு வழிகாட்டும்.

சமச்சீர்ப் பாயைக் கழியின் உதவியால் காற்றுப்பக்கம் திருப்பி வைக்கலாம். ஆதலால் காற்றை நேர் முதுகில் வாங்கிக்கொண்டு இலக்கை நோக்கி நேராகச் செல்ல இயலும். சமச்சீரற்ற பாயோ நேர்பின்காற்றில் பெரும்பாயின் மறைவில் சிக்கிச் சோர்ந்து தொங்கும். காற்றைச் சற்றுப் பக்கவாட்டில் வாங்கினால்தான் அதற்கு உயிர் வரும். எனவே அக்கலம் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து செல்ல வேண்டும். நேர்வழியிலிருந்து 20 பாகை விலகிச் சென்றால் தொலைவு ஏறத்தாழ நூற்றுக்கு 6 கூடுகிறது. 30 பாகை விலகினால் 15. 40 பாகை விலகினால் 30. கூடிய தொலைவை ஈடுசெய்யும் அளவுக்கு வேகமும் கூடினால் அது இலாபம்; கூடாவிடில் நட்டம்.

வேகம் கூடுமா என்பது கலத்தின் எடையைப் பொறுத்தது. கனத்த கலம், தான் எழுப்பும் அலைக்கே கட்டுப்பட்டது. நீர்மட்டத்தில் அதன் நீளம் 36 அடியாயின், மணிக்கு 8 கடல் மைல் அளவே அதன் எல்லை எனலாம். காற்று வலுத்திருக்கையில், நேர்வழியிலேயே அவ்வெல்லையைத் தொட்டுவிட்ட கலம் வளைந்து சென்று பெறுவது யாது? இலேசான கலமோ அலைமீது ஏறிச் சறுக்கி ஓடும். அதற்குக் கோணம் கிடைத்தால் வேகம் பாய்ந்து பெருகும். காற்று மெலிந்த வேளையில் மட்டும் கனத்த கலத்திற்கும் சற்றே விலகிச் செல்வது நன்மை தரும்.

இவ்வுண்மையை நம் நாட்டு வெற்றிகளிலேயே காணலாம். 1982-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுகளின் பாய்க்கலப் போட்டிகள் மும்பைக் கடலில் நடைபெற்றன. ஃபயர்பால் வகைக் கலத்தில் ஃபரூக் தாராபூரும் ஜரீர் கரஞ்சியாவும் தங்கம் வென்றனர். அவ்வகைக் கலத்தில் கட்டுவது கழி தாங்கும் சமச்சீர்ப் பாயே. பின்னர் 1980-களில் ஆஸ்திரேலியாவின் சிட்னித் துறைமுகத்தில், 18 அடி நீளமுள்ள இலேசான பந்தயக் கலங்களில் சமச்சீரற்ற பாய் புகுந்தது. அம்மாற்றத்தில் பங்குகொண்ட ஜூலியன் பெத்வெயிட் வரைந்த ஃபார்ட்டி நைனர் என்னும் கலம் 2000-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுகளில் அவ்வகைக் கலத்தைச் செலுத்தியே சென்னையில் பயின்ற கே. சி. கணபதியும் வருண் தக்கரும் வெண்கலம் பெற்றனர். மகளிர் பிரிவில் வர்ஷா கௌதமும் சுவேதா ஷெர்வேகரும் வெள்ளி பெற்றனர். கலம் மாறிற்று, அதற்கேற்பப் பாயும் மாறிற்று.

இனிப் பயணக் கலத்திற்கு வருவோம். அங்கே வெற்றிக் கோப்பை இல்லை. உயிரும் உடலும் உண்டு. கலம் திசை மாறிக் காற்றை மறுபக்கம் வாங்கும்போது, சமச்சீர்ப் பாயின் கழியை ஒருவர் முன்தளத்தில் நின்று கழற்றி மறுபுறம் மாட்ட வேண்டும். அலையில் ஆடும் முன்தளத்தில், இறுகிய கயிறுகளின் நடுவே செய்யும் வேலை அது. பழகிய பந்தயக் குழுவினர் அதை நொடிகளில் முடிப்பர். கணவனும் மனைவியுமாக இருவரே செல்லும் கலத்தில், ஒருவர் சுக்கானைப் பிடித்திருக்க மற்றவர் தனியே அதைச் செய்வது எளிதன்று. சமச்சீரற்ற பாய்க்கோ ஒரு கயிற்றைத் தளர்த்தி மறு கயிற்றை இழுத்தால் போதும். நீண்ட துணியுறை ஒன்றை மேலிருந்து கீழே இழுத்து அப்பாயை அடக்கிவிடவும் கூடும். பயணிகள் பலர் அதனை விரும்புவது இதனால்தான்.

ஆயினும் எப்பாயாக இருப்பினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பின்காற்று தன் வலிமையை மறைக்கும். மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் வீசும் காற்றில், கலம் 6 கடல் மைல் வேகத்தில் ஓடினால், தளத்தில் நிற்பவர் உணர்வது 9 மட்டுமே. தென்றல் என்று எண்ணிப் பெரும்பாயை விரித்தபின், ஏதோ காரணத்தால் கலம் காற்றை நோக்கித் திரும்பிவிட்டால், மறைந்திருந்த காற்று முழு வலிமையோடு தாக்கும். கலம் பக்கவாட்டில் சாய்ந்து விழவும் கூடும். ஆகவே காற்று இதமாகத் தோன்றும்போதே பாயை இறக்கிவிடுவது அறிவுடைமை. இருள் சூழுமுன் இறக்கிவிடுவது, ஆள் குறைந்த கலத்திற்கு இன்னும் நன்று.

சுருங்கச் சொன்னால், பாய் வாங்க விழைவோர் கடைக்காரரை வினவுமுன் தம்மையே மூன்று வினாக்கள் வினவிக்கொள்ள வேண்டும். என் கலம் கனத்ததா, இலேசானதா? நான் செல்லும் வழி நேர்பின்காற்று வழியா, பக்கக்காற்று வழியா? கலத்தில் வேலை தெரிந்த கைகள் எத்தனை? கனத்த கலமும், நேர்பின்காற்றும், போதிய கைகளும் இருப்பின் சமச்சீர்ப் பாய் ஏற்றது. இலேசான கலமாயினும், பக்கக்காற்று வழியாயினும், கைகள் சிலவேயாயினும் மற்றதே ஏற்றது. கனத்த கலத்தில் இருவரே செல்வாராயின், மூன்றாம் வினாவுக்கே முதலிடம் தருவாராக. சில நாழிகை தாமதம் பின்னர் மறந்துபோகும். முன்தளத்தில் நேரும் விபத்து மறக்கப்படுவதில்லை.