பிறந்த வீட்டு நினைவும் நம் எழுத்தும்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பிறந்த ஊரையும் சிறுபருவத்தையும் எண்ணி எழுதுவது உலகெங்கும் உள்ள வழக்கம். அமெரிக்க எழுத்தாளர் மார்க் டுவைன், தாம் வளர்ந்த மிசிசிப்பி ஆற்றங்கரை ஊரை மனத்திற்கொண்டு 1876-இல் டாம் சாயர் என்னும் சிறுவனின் கதையை வெளியிட்டார். படிப்பவர்க்கு அது இனிக்கும். அத்தகைய இனிமை நமக்கும் உண்டு. ஆனால் எழுத உட்காரும்போது நம் கை சற்றே தயங்குகிறது.

பாமா 1992-இல் வெளியிட்ட 'கருக்கு' நூலைப் பாருங்கள். பிறந்த ஊரின் மலையழகும் சிறுவர் விளையாட்டும் அதில் நிறைந்திருக்கின்றன. அந்த விளையாட்டுப் பருவத்தில்தான் ஒரு நாள், தம் தெருப் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டிய கயிற்றைப் பிடித்துத் தூக்கிச் செல்வதைக் கண்டு அச்சிறுமி சிரிக்கிறார். வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லியும் சிரிக்கிறார். அண்ணன் சிரிக்கவில்லை. அவர் தொட்டால் தீட்டு என்று நிலவுடைமையாளர் எண்ணுவதே காரணம் என விளக்குகிறார். அதன்பின் சிறுமிக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஓரிடத்திற்காகவே அந்நூலை நான் மீண்டும் மீண்டும் எடுப்பதுண்டு.

இரட்டைமலை சீனிவாசன் அவர்களின் 'ஜீவிய சரித்திரச் சுருக்கம்' 1939-இல் வெளிவந்த மிகச் சிறிய நூல். கோயம்புத்தூரில் பயின்ற நாளில், குலம் வெளிப்பட்டுவிடுமோ என்றஞ்சிப் பிள்ளைகளோடு விளையாடாமல் ஒதுங்கி, மணி அடித்த பிறகே வகுப்பில் நுழைந்ததை அதில் குறித்திருக்கிறார். வட்டமேசை மாநாட்டில் வாதாடிய பெருந்தலைவர், முதுமையிலும் அந்தப் பள்ளிவாசலை மறக்கவில்லை.

நம் மாவட்டத்திலோ, நினைத்துப் பார்க்க வீடே மிஞ்சாத நாளும் உண்டு. 2012 நவம்பர் 7-ஆம் நாள் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டிக் குடியிருப்புகளில் வீடுகள் எரிக்கப்பட்டபோது, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களும் எரிந்தன. சான்றிதழுக்கு நகல் கிடைக்கலாம். பாட்டி அமர்ந்திருந்த திண்ணைக்கு நகல் ஏது?

ஆகவே இளைஞர்களே, உங்கள் வீட்டு முதியோர் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள். பாமாவும் பேச்சுத் தமிழில்தான் எழுதினார். இனிமையை மட்டும் பொறுக்காதீர்கள். காயத்தை மட்டும் பொறுக்காதீர்கள். கேழ்வரகுக் களியின் ருசியும், அதற்காகக் காத்துநின்ற கொல்லைப்புற வாசலும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும்.

சங்க நூலகத்தில் இதற்கென ஓர் ஏடு வைத்துள்ளோம். என் தாயார் சொன்னவற்றை அதில் இரண்டு பக்கம் எழுதினேன். புளி உலுக்கப் போன கதை வந்ததும் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். மூன்றாம் பக்கத்தை இன்னும் வெற்றாகவே விட்டுவைத்திருக்கிறேன்.