புகைமணமும் நடுநிலை நாவும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



குடும்பங்கள் கூடியுள்ள இவ்வவையில் விஸ்கியைப் பற்றிய பேச்சா என்று சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். மதுவைப் போற்றுதல் என் நோக்கமன்று. அதனால் அழிந்த குடும்பங்களை நாம் அறிவோம். ஆயினும், அதன் சுவையைத் தேர்ந்து மதிப்பிடும் முறையில் நமக்கு ஒரு பாடம் உண்டு. அதனைக் கூறவே விழைகின்றேன்.

ஸ்காட்லாந்தின் மேற்கே ஐலா என்றொரு தீவு உள்ளது. அங்கு விறகு அரிது. சதுப்பு நிலத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கிய தாவரப் படிவை வெட்டி உலர்த்தி எரிப்பது அங்குள்ளோர் வழக்கம். அதனைப் 'பீட்' என்பர். குட்டநாட்டின் கரிநிலத்தைக் கண்டவர்க்கு அதன் இயல்பு எளிதில் விளங்கும். முளைவிட்ட வாற்கோதுமையை அப்புகையில் உலர்த்தும்போது பீனால் என்னும் பொருள்கள் தானியத்தில் ஏறுகின்றன. புகைமணத்திற்கும், மருந்தை நினைவூட்டும் நெடிக்கும் அவையே காரணம். லாப்ரோய்க், ஆர்ட்பெக் ஆகியவை இவ்வகையில் பெயர் பெற்றவை.

சுவை தேர்வோர் எடுத்த எடுப்பில் பருகுவதில்லை. வாய் குறுகிய கண்ணாடிக் குவளையில் சிறிது வார்த்து, நிறம் நோக்கி, முகர்ந்து, பின் சில துளி நீர் சேர்ப்பர். நீர் சேர்ந்தால் புகைமணம் தரும் குவாயகால் மூலக்கூறுகள் மேற்பரப்பை நாடுகின்றன என்று சுவீடன் நாட்டு லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 2017இல் கணினிவழி ஆராய்ந்து கூறினர். அதன்பின்னரே ஒரு மிடறு. புகை ஏனைய இனிமையையும் கனிமணத்தையும் மூடுகின்றதா, அவற்றோடு இயைந்து நிற்கின்றதா என்பதே தேர்வின் உயிர்நிலை. புகை மிகுதியே சிறப்பாகாது. பறைசாற்றப்பெறும் பீனால் அளவும் பெரும்பாலும் தானியத்தின் அளவே. வடித்த மதுவில் அது குறைந்துவிடும்.

முதுமையும் அவ்வாறே. ஸ்காட்லாந்தின் குளிரில் மரப்பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு ஆவியாகிறது. பெங்களூர் வெப்பத்திலோ 10 விழுக்காட்டிற்கும் மேல் ஆவியாகி, மது விரைவில் முதிர்கிறது. எனவே ஆண்டுக் கணக்கு மட்டும் அளவுகோல் ஆகாது.

அப்பெங்களூரில் 1948இல் தோன்றிய அம்ருத் நிறுவனம் தன் சிங்கிள் மால்ட் விஸ்கியை 2004இல் கிளாஸ்கோ நகரிலேயே அரங்கேற்றியது. கொல்லன் தெருவில் ஊசி விற்ற துணிவு அது! அதற்கு முன்னர்ப் பெயரை மறைத்துப் பலரைச் சுவைக்கச் செய்தனர். நாவிற்கு நாட்டுப் பற்று இல்லை, அம்மது தேறியது. இந்திய வாற்கோதுமையோடு ஸ்காட்லாந்தின் புகையூட்டிய வாற்கோதுமையும் கலந்த 'அம்ருத் பியூஷன்' என்னும் வகைக்கு, ஜிம் மர்ரே என்னும் ஆங்கிலத் தேர்வாளர் தம் 2010ஆம் ஆண்டு நூலில் 97 மதிப்பெண் வழங்கி, உலகில் மூன்றாம் இடம் தந்தார்.

அன்பர்களே! பிறந்த மண்ணை விட்டுத் திருவனந்தபுரத்தில் வாழும் நாம், ஊரையும் பெயரையும் கேட்டு ஆளை எடைபோடுவோரை அறிவோம். ஆனால் நம் சங்கப் போட்டிகளில், இன்னார் வீட்டுப் பிள்ளை என்பதை முற்றும் மறந்துதான் பரிசளிக்கின்றோமா? அடுத்த ஆண்டு முதல் கட்டுரைகளைப் பெயர் மறைத்து நடுவரிடம் அளிப்போமாக! மதுவிற்குக் கிடைத்த நடுநிலை நம் மக்களின் தமிழுக்கும் கிடைத்தல் வேண்டும்.