ஸ்கிப்போலில் நின்ற 570 கிலோ

ஈழத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்து இந்த நெதர்லாந்தில் வேர்விட்ட உறவுகளே,

அழைப்பிதழில் ‘அறிவுசார் சொத்துரிமையும் பன்னாட்டு வணிகமும்’ என்று என் பேச்சுக்குத் தலைப்புப் போட்டிருக்கிறீர்கள். நான் முப்பது ஆண்டுகளாக மருந்துக் கடையில் நிற்பவன். இந்தப் பெரிய தலைப்புக்குள் மருந்து வழியாகத்தான் எனக்கு நுழையத் தெரியும். தமிழ்நாட்டில் நாங்கள் மாத்திரை என்போம், யாழ்ப்பாணத்தில் நீங்கள் குளிசை என்பீர்கள். ஊருக்குப் போய்த் திரும்பும்போது மிளகாய்த்தூளுக்கும் முறுக்குக்கும் நடுவில் அந்த அட்டைகளும் நம் பெட்டியில் ஏறிவிடுகின்றன.

இன்று ரயிலில் வந்தவர்களில் பலர் ஸ்கிப்போலைத் தாண்டித்தான் வந்திருப்பீர்கள். 2008 டிசம்பரில் அந்த விமான நிலையத்தில் சுங்க அதிகாரிகள் ஒரு சரக்கை நிறுத்தினார்கள். ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் பிரேசிலுக்கு அனுப்பிய 570 கிலோ லோசார்டன் அது. லோசார்டன் என்றால் பலருக்குப் புரியாது, பிரஷர் மாத்திரை என்றால் எல்லோருக்கும் புரியும். என் அப்பா கடைசி வரை விழுங்கியது அதைத்தான். நான் அன்று ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 570 கிலோவை 50 மில்லிகிராம் மாத்திரைகளாக அடித்தால் ஒரு கோடியே 14 லட்சம் வரும். நாளுக்கு ஒன்று என்றால் மூன்று லட்சத்து எண்பதாயிரம் பேருக்கு ஒரு மாதம் போதும்.

அந்தச் சரக்கில் கலப்படம் இல்லை. அதன் தரத்தை யாரும் குறை சொல்லவில்லை. இந்தியாவில் அந்த மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, பிரேசிலிலும் கிடையாது. நெதர்லாந்தில் இருந்தது. பொட்டலம் இங்கே விமானம் மாற மட்டுமே இறங்கியது, இந்த நாட்டுக் கடை எதற்கும் அது போகப்போவதில்லை. ஆனால் அன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டுச் சுங்க விதிப்படி, உரிமை மீறல் இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தாலே சரக்கை நிறுத்தி வைக்கலாம். அதோடு இந்நாட்டு நீதிமன்றங்கள் ஒரு கற்பனையையும் ஏற்றிருந்தன. இந்த மண்ணைத் தொட்டுச் செல்லும் சரக்கை இந்த மண்ணிலேயே தயாரானதாக வைத்துக்கொண்டு சட்டத்தைப் பொருத்திப் பார்ப்பது. அப்படிப் பார்த்தால் சில மணி நேரம் கிடங்கில் கிடந்த ஹைதராபாத் மருந்து ஆம்ஸ்டர்டாமில் திருட்டுத்தனமாகத் தயாரித்த மருந்தாகிவிடும். 36 நாள் கழித்து அதை விடுவித்தார்கள். அப்போதும் அது பிரேசிலுக்குப் போகவில்லை, வந்த வழியே இந்தியாவுக்குத் திரும்பியது.

இது தனியாக நடந்த ஒன்று என்றால் நான் இங்கே பேச வந்திருக்க மாட்டேன். 2008இல் மட்டும் இந்நாட்டுச் சுங்கத் துறை இப்படி 17 மருந்துச் சரக்குகளை நிறுத்தியது. அவற்றில் 16 இந்தியாவிலிருந்து வந்தவை. 2009 தொடக்கத்தில் நைஜீரியாவின் எச்.ஐ.வி. நோயாளிகளுக்காக யுனிட்எய்ட் என்ற பன்னாட்டு அமைப்பின் நிதியில் வாங்கிய அபகாவிர் மாத்திரைகள் இதே ஸ்கிப்போலில் நின்றன. அந்த மே மாதம் பிராங்பர்ட்டில், வனுவாட்டு தீவுகளுக்குப் போய்க்கொண்டிருந்த 30 லட்சத்துக்கும் மேற்பட்ட அமாக்சிசிலின் மாத்திரைகள் நின்றன. அங்கே எழுந்தது வணிகக்குறிச் சந்தேகம். ‘அமாக்சில்’ என்ற வணிகப் பெயரை இந்தப் பெயர் ஒத்திருக்கிறதாம். அமாக்சிசிலின் என்பது உலகம் முழுவதும் அந்த மருந்துக்கு வழங்கும் பொதுப்பெயர். அரிசி மூட்டையில் ‘அரிசி’ என்று எழுதுவது போல எந்தத் தயாரிப்பாளரும் அதை எழுதலாம், எழுதியே ஆக வேண்டும். வணிகக்குறியின் உரிமையாளரே மீறல் ஏதும் இல்லை என்று சொன்ன பிறகுதான் சரக்கு நகர்ந்தது. அதற்குள் நான்கு வாரம் போய்விட்டது.

சில செய்திகளில் இவை எப்படி வந்தன? ‘போலி மருந்து பிடிபட்டது’ என்று. அந்த வசந்த காலத்தில் ஓர் அம்மா என் கடைக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எழுபது வயது தாண்டியவர். கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டி, “தம்பி, இந்தியாவில இருந்து வாற இந்தக் குளிசையெல்லாம் கள்ளக் குளிசையாமே, பேப்பரில போட்டிருக்கிறாங்களாம். நான் மூண்டு கிழமையா விட்டிட்டன்” என்றார். உட்கார வைத்து அளந்து பார்த்தேன். பிரஷர் 190. என் கைதான் நடுங்கியது. அவர் கையில் இருந்தது முறையான மருந்து. அவரை அன்று ஆபத்தில் நிறுத்தியது ‘போலி’ என்ற ஒரு சொல்.

அந்தச் சொல்லைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வேண்டும் என்று நினைத்தேன். டிரிப்ஸ் எனப்படும் உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம் 1995 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. ‘போலிச் சரக்கு’ என்பதற்கு அது தரும் விளக்கம் வணிகக்குறியை மட்டுமே சுற்றி நிற்கிறது. இன்னொருவரின் முத்திரையை அவர் அனுமதி இல்லாமல் அப்படியே பதித்த சரக்குதான் அதில் போலி. எல்லையில் நிறுத்த ஒவ்வொரு நாடும் கட்டாயம் வழி செய்ய வேண்டியது இந்தச் சரக்கையும் பதிப்புரிமை திருடிய பிரதிகளையும்தான். காப்புரிமைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. வழியில் கடந்து போகும் சரக்குக்கும் கிடையாது, ஒப்பந்தத்தின் அடிக்குறிப்பே அப்படிச் சொல்கிறது. ஐரோப்பா தன் விருப்பத்தில் அந்தக் கோட்டைத் தாண்டி நடந்தது.

காப்புரிமை ஒரு நாட்டின் எல்லைக்குள் வாழும் உரிமை. நம் ஊர்ப் பட்டா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூரில் என் வயலுக்குப் பட்டா இருக்கலாம். அதற்காக நாகப்பட்டினத்தில் விளைந்து திருச்சிக்குப் போகும் நெல் வண்டியை என் வரப்போரச் சாலையில் மறித்து, இது என் நெல் என்று சொல்ல முடியாது.

கண்டுபிடிப்பவருக்கு உரிமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லோசார்டன் தன் வகையில் முதல் மருந்து. அதற்குப் பின்னால் விஞ்ஞானிகளின் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்புக்கு 20 ஆண்டுக் காப்பு கொடுப்பது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். அந்தக் காப்பு எங்கே, எதற்கு, எது வரை என்பதில்தான் நம் முன்னோர் கவனமாக இருந்தார்கள். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த ராஜகோபால அய்யங்கார் 1959இல் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தை எப்படித் திருத்த வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார். அவரை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. அவர் அறிக்கையிலிருந்துதான் 1970ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, செய்முறைக்கு மட்டும் உண்டு என்று அது வகுத்தது. வேறு செய்முறையில் அதே மருந்தைத் தயாரிக்க இந்திய ஆலைகள் கற்றுக்கொண்டன. அந்தத் திறன் எச்.ஐ.வி. நோய்க்குக் கைகொடுத்தது. இந்தியாவில் அந்நோய் முதன்முதலாகத் தெரியவந்தது 1986இல், சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் செய்த ஆய்வில். அந்த நோய்க்கான கூட்டு மருந்து மேலை நாடுகளில் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல் விற்றுக்கொண்டிருந்தபோது, 2001இல் மும்பையின் சிப்லா நிறுவனம் 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. ஆப்பிரிக்காவில் எத்தனையோ வீடுகளில் விளக்கு அணையாமல் இருப்பதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம்.

2005இல் இந்தியாவும் டிரிப்ஸ்படி மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தர வேண்டியதாயிற்று. தெரிந்த மருந்தையே சிறிது மாற்றிப் புதிய உரிமை கேட்பதைத் தடுக்க 3(டி) என்ற பிரிவை அப்போது திருத்திக் கடுமையாக்கினார்கள். ரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக்குக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட உரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. அந்தப் பிரிவே செல்லாது என்ற வழக்கை 2007இல் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் உரிமையை மறுத்தது. அப்போது அந்த மருந்து நிறுவன விலையில் மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேல் இருந்தது, மற்ற நிறுவனங்கள் பொதுப்பெயரில் தயாரிக்கும் ஜெனரிக் மருந்தின் விலையில் சுமார் பத்தாயிரம் ரூபாய்.

போலி என்ற சொல்லுக்கு மீண்டும் வருகிறேன். மனதைத் தொட்டுச் சொல்ல வேண்டிய இன்னொன்று இருக்கிறது. 2025இல் நம் காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலை ஒன்றில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்திருந்தது. அந்த மருந்து யாருடைய முத்திரையையும் திருடவில்லை. சொந்தப் பெயரில், உரிமம் பெற்ற ஆலையில் தயாரானது. வணிகக்குறிச் சட்டத்தின் கண்ணுக்கு அது குற்றமற்ற சரக்கு. ஸ்கிப்போலில் சிக்கிய லோசார்டனோ நல்ல மருந்து, அதன் மேல்தான் பழி விழுந்தது. உரிமையைக் காக்கும் அதிகாரியிடம் உயிரைக் காக்கும் வேலையை ஒப்படைத்தால் இரண்டும் கெடும் என்பதற்கு இதற்கு மேல் எனக்குச் சான்று வேண்டாம். அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கக் கூடியவை மருந்து ஆய்வாளரின் கண், ஆய்வுக்கூடம், மூலப்பொருள் வந்த பீப்பாயைத் திறந்து சோதிக்கும் கை. இந்திய ஜெனரிக் மருந்துக்காகப் பரிந்து பேசும் நாம் அந்தச் சோதனையை அதைவிட உரக்கக் கேட்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2017இல் இந்தக் குழப்பத்தை உணர்ந்து, அறிவுசார் சொத்துரிமை வாடை வீசும் பழைய சொல்லைக் கைவிட்டது. தரம் குறைந்த மருந்து, பொய்யாக்கப்பட்ட மருந்து என்று பிரித்துச் சொல்லத் தொடங்கியது. மொழியை நேசிக்கும் நமக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றக் கூடாது.

ஸ்கிப்போல் கதை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். 2010 மே மாதம் இந்தியாவும் பிரேசிலும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தன. அடுத்த ஆண்டு இந்தியாவுக்கும் ஒன்றியத்துக்கும் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. 2011 டிசம்பரில் லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம், வேறு இரண்டு வழக்குகளில், அந்தத் தயாரிப்புக் கற்பனையை ஒதுக்கியது. இங்கே விற்கப்படும் என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றது. 2014 முதல் புதிய சுங்க விதி நடப்புக்கு வந்தது.

ஆனால் இப்படிப்பட்ட விதிகள் வணிக ஒப்பந்தங்களின் அறிவுசார் சொத்துரிமை அத்தியாயத்தில் மறுபடி வந்து உட்காரும். இந்தியாவும் ஒன்றியமும் 2007இல் தொடங்கிய பேச்சு 2013இல் நின்று 2022இல் மீண்டும் தொடங்கியது. அதில் ஐரோப்பியத் தரப்பு முன்வைத்த கோரிக்கைகளில் ஒன்று சோதனைத் தரவுக்குத் தனியுரிமை. காப்புரிமையே இல்லாத மருந்தாக இருந்தாலும், முதல் நிறுவனம் கொடுத்த சோதனை முடிவுகளை நம்பி ஜெனரிக்குக்கு அனுமதி தரச் சில ஆண்டுகள் கூடாது என்பது அதன் பொருள். ஒன்றியத்தின் வணிக ஒப்பந்தங்களுக்கு ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். அந்த நாடாளுமன்றம் வெறும் முத்திரை குத்தும் இடம் என்று நினைக்காதீர்கள். 2012 ஜூலை 4 அன்று ஆக்டா எனப்பட்ட போலி எதிர்ப்பு வணிக ஒப்பந்தத்தை 478 பேர் எதிர்த்தும் 39 பேர் மட்டும் ஆதரித்தும் வாக்களித்துத் தள்ளினார்கள். அதற்கு முன் பனிக் காலத்தில் ஐரோப்பிய நகரங்களின் தெருக்களில் இளைஞர்கள் நின்றார்கள், உறுப்பினர்களுக்குக் கடிதங்கள் குவிந்தன.

இந்த அரங்கில் பலரிடம் இந்நாட்டுக் கடவுச்சீட்டு இருக்கிறது, வாக்கு இருக்கிறது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு டச்சு மொழி என்னைவிட நூறு மடங்கு நன்றாக வருகிறது. ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுத அவர்கள் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு நுழைவாயில் பக்கத்து மேசையில் அதற்காகக் காத்திருப்பேன். பெரியவர்கள் உங்கள் மாத்திரை அட்டையோடு வாருங்கள். மேலே பெரிய எழுத்தில் இருக்கும் வணிகப் பெயருக்குக் கீழே, பொடி எழுத்தில் மருந்தின் பொதுப்பெயர் இருக்கும். அதை எப்படிப் படிப்பது என்று காட்டுகிறேன்.