கயிற்றில் ஒட்டிய மணல்
(செங்கோட்டையில் நிகழ்த்திய உரை)



செங்கோட்டையும், தெற்கே மணவாளக்குறிச்சிக் கடற்கரையும் 1956 நவம்பர் 1 அன்று, ஒரே நாளில், சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. அதற்கு முன் இரண்டும் திருவாங்கூர்ச் சீமை. ஆகவே அந்தச் சீமையின் பழைய படங்களில் நமக்கும் பாத்தியதை உண்டு.

1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்ற இரு கம்பெனிப் பட்டாள லெப்டினன்டுகள் இதை அளந்தார்கள். மலை, கணவாய், ஆறு, பாதை, ஊர் எல்லாம் குறித்தார்கள். ஆள்பவனுக்கு வேண்டியது அதுதானே! மண்ணுக்குள் என்ன என்ற கேள்வி பின்னால் வந்தது. பூகர்ப்ப இலாகாவின் வில்லியம் கிங், திருவாங்கூரின் பாறை அமைப்பைப் பற்றி 1882-இல் எழுதினார்.

ஆனால் கடற்கரைப் பொக்கிஷத்தைக் காட்டிக் கொடுத்தது படமல்ல, கயிறு! 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய ரசாயனி, இங்கிருந்து கப்பலேறிப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அதிலுள்ள தோரியம் காஸ் விளக்கு மேண்டிலுக்கு வேண்டும். சில ஆண்டுகளில் மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது. ஐரோப்பாவின் வீதிகள் நம் மணலால் வெளிச்சம் பெற்றன. அந்தக் கயிற்றைத் திரித்த கை யாருடையது என்று கேட்டவர் உண்டா?

மேண்டில் காலம் போயிற்று. தோரியம் அணுசக்திப் பொருளாயிற்று. 1950-இல் இந்திய அருமண் நிறுவனம் அரசுத் துறையில் பிறந்தது. கிள்ளியூர் தாலுகாவில் 1144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024-இல் கருத்துக் கேட்புக் கூட்டம் குறிக்கப்பட்டது. கடலோர மக்கள் எதிர்த்தார்கள், கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது.